நாலு படிக்கு எட்டு அடி சாய்தளம் போதுமா?

கேள்வி: எங்கள் கல்யாண மண்டப வாசலில் நாலு படி, மொத்தம் 2 அடி உயரம். 8 அடியில் சாய்தளம் போட்டு, மண்டபத்துக்கு ‘மாற்றுத்திறனாளி சான்றிதழும்’ வாங்கித் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், இதுதான் கணக்கு. உங்கள் வாசலுக்கு 24 அடி வேண்டும். 8 அடிச் சாய்தளம் சமையல் சாமான் தள்ளத்தான் உதவும். சக்கர நாற்காலியில் தானே ஏறப் பார்ப்பவர் பின்பக்கம் மல்லாந்துவிடுவார். நேராக 24 அடிக்கு இடமில்லையா? 12 அடி ஏறி, 5-க்கு 5 அடி சமதளம் விட்டு, திரும்பி இன்னொரு 12 அடி. அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி.

வழவழ கிரானைட் வேண்டவே வேண்டாம். பன்னீர் நாலு சொட்டு விழுந்தால் போதும், வழுக்கும். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாறால் குறுக்கே கீறிவிடச் சொல்லுங்கள். சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் மேஸ்திரிகள் ஓர் அங்குல விளிம்பு விட்டுவிடுவார்கள். முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார்.

சான்றிதழா? முறையான அணுகல் தணிக்கை என்றால், மாற்றுத்திறனாளிகள் புழங்க முடியுமா என்று அறை அறையாக அளந்து குறைகளை எழுதித் தருவது. கட்டும் முன்பே விலை பேசுவது வெறும் காகிதம். பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடமும் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள் வரும். பழைய கட்டடங்களுக்குத் தந்த ஐந்து வருட அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் சோதிக்க வருபவர்களில் டேப்பை எடுத்து அளப்பவர் யார்? ‘சாய்தளம்: உண்டு’ என்று ஒரு டிக், அவ்வளவுதான். தரகர்கள் பிழைப்பதும் அந்த டிக்கை நம்பித்தான்.

முன்வாசலில் இடமே இல்லையென்றால் பக்கவாட்டு வாசல் சரி. ஆனால் வழி பாத்திரம் கழுவும் ஈரத்தில் போகக் கூடாது, கார் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், முன்வாசலில் அம்புக்குறிப் பலகை வேண்டும். பூட்டி வைத்து, சாவி மேனேஜரிடம், மேனேஜர் பந்தியில் என்றால் அது வாசலே இல்லை. முகூர்த்தம் முடியும்வரை திறந்தே இருக்கட்டும். அலங்காரக்காரர் அங்கே பூ வளைவின் காலை நட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவறைக்கு ‘3 அடிக் கதவு’ என்று வாங்காதீர்கள். அது நிலையோடு சேர்ந்த அளவு. திறந்தால் 30 அங்குலம்கூடத் தேறாது. உங்களுக்கு வேண்டியது 36 அங்குல இடைவெளி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். துடைப்பமும் வாளியும் வைக்க வேறு இடம் பாருங்கள்.