'மலர்முகம்' சிமிலியா, மெட்டஃபரா? – ஆங்கிலத் தேர்வுக் கேள்வி பதில்

கே: 'ஆஸ்', 'லைக்' வந்தால் சிமிலி (உவமை), வராவிட்டால் மெட்டஃபர் (உருவகம்). இவ்வளவுதானே?

ப: முக்கால்வாசி சரி. 'ஐ லைக் டீ' என்பதில் 'லைக்' வெறும் விருப்பம். 'ஷி லுக்ஸ் லைக் ஹெர் மதர்' ஒப்பீடுதான், ஆனால் மகள் அம்மா ஜாடை என்பது அணியல்ல, தகவல். 'ஹிஸ் வாய்ஸ் வாஸ் லைக் தண்டர்' என்றால் குரல் வேறு, இடி வேறு. அதுதான் சிமிலி.

தமிழ் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'மலர்முகம்' நமக்கு உவமைத்தொகை. 'போன்ற' உள்ளே மறைந்திருக்கிறது. 'முகமலர்' என்று திருப்பினால்தான் உருவகம். ஆங்கிலத்தில் தொகையை விரித்துப் பார்க்கும் வழக்கமே இல்லை. ஒப்புமைச் சொல் கண்ணில் படாவிட்டால் இரண்டுமே மெட்டஃபர்தான்.

கே: பெர்சானிஃபிகேஷனும் தற்குறிப்பேற்ற அணியும் ஒன்றா?

ப: இல்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிலின் மேலிருந்த கொடிகள் 'வாரல்', அதாவது வராதீர்கள், என்று கை காட்டியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கொடி ஆடுவது காற்றால்; கவிஞர் அதன்மேல் வேறொரு காரணத்தை ஏற்றுகிறார். இந்தக் காரணம் இல்லாமல் தற்குறிப்பேற்றம் இல்லை. பெர்சானிஃபிகேஷனுக்கு அது வேண்டாம், மனிதச் செயல் ஒன்று இருந்தால் போதும். 'த விண்ட் ப்ளூ' சாதாரண வாக்கியம். 'த விண்ட் விஸ்பர்ட்' பெர்சானிஃபிகேஷன்.

கே: அலிட்டரேஷனுக்கு மோனை என்று எழுதிப் படித்தேன். டெஸ்டில் தப்பாகிவிட்டது.

ப: எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அலிட்டரேஷன் என்றால் அருகருகே உள்ள சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது; ஆங்கிலத்தில் காதுதான் கணக்கு. 'சிட்டி', 'கேட்' இரண்டும் ஸ்பெல்லிங்கில் 'சி'யில் தொடங்கினாலும் ஒலி வேறு, அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோட்டோ', 'ஃபேன்' இரண்டுக்கும் ஸ்பெல்லிங் வேறு, ஒலி ஒன்று, ஆகும். 'நைட்' என்னும் வீரனுக்கு முன்னால் நிற்கும் 'கே' ஊமை, அதைக் 'கிங்'கோடு சேர்க்காதீர்கள். இன்னொன்று: மோனையில் ச, த இனமாக நிற்கும், ஞ, ந நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. அதே சமயம் உயிரெழுத்து ஒத்துவர வேண்டிய கட்டாயமும் இல்லை; 'பிக்', 'பேட்' தாராளமாகச் சேரும்.

ரைமுக்கு எதுகை என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. எதுகை இரண்டாம் எழுத்து. ரைம் வரியின் கடைசியில் ஒலி ஒன்றுவது; அது இயைபு. ரைம் ஸ்கீம் போடும்போது கடைசிச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஒலி ஒன்றும் வரிகளுக்கு ஒரே எழுத்தாக 'ஏ, பி' குறியுங்கள். 'லவ்', 'மூவ்' ஸ்பெல்லிங்கில் ஒரே வால். தமிழில் எழுதினாலே வண்டவாளம் தெரிந்துவிடுகிறது.

கே: மெட்டானமி, சினெக்டகி குழப்புகிறது.

ப: ஆகுபெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'தலைக்கு ஒரு பழம் கொடு' சினையாகுபெயர். உறுப்பு முழு ஆளுக்கு ஆகிறது, சினெக்டகி. 'ஊர் சிரித்தது' இடவாகுபெயர். ஊர் மனிதரின் உறுப்பல்ல, தொடர்பு மட்டும்தான், மெட்டானமி.

கே: அணியைச் சரியாகச் சொல்லியும் அப்ரிசியேஷனில் (கவிதை நயம் எழுதும் கேள்வியில்) பாதி மார்க்தான்.

ப: பெயர் மட்டும் எழுதினால் அப்படித்தான். எந்தச் சொல், எது எதோடு ஒப்பிடப்படுகிறது, அதனால் வாசகருக்கு என்ன தெரிகிறது, மூன்றையும் எழுதுங்கள். 'குரல் இடியோடு ஒப்பிடப்படுகிறது. உரக்கப் பேசினார் என்பதோடு கேட்டவர்கள் நடுங்கியதும் தெரிகிறது' என்பது பதில். 'இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது' என்பது எந்தக் கவிதைக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது.

கே: மகள் அமெரிக்காவில் ஏபி இங்கிலீஷ் லாங்குவேஜ் (பள்ளியில் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) எழுதுகிறாள். ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்று பட்டியல் போடுகிறாள். போதுமா?

ப: போதாது. அங்கே ஒரு கட்டுரைக்கு 6 புள்ளி: தீசிஸுக்கு (கட்டுரை நிறுவ வரும் கருத்துக்கு) 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பத்துக்கு 1. பட்டியல் அந்த நான்கில் பெரும்பகுதியைக் கோட்டைவிடும். பேச்சாளர் அந்தக் கூட்டத்திடம், அந்த நேரத்தில், ஏன் அப்படிப் பேசினார் என்பதே விளக்கம். ஈதோஸ் 'எதிக்ஸ்' அல்ல, பேசுபவர்மேல் வரும் நம்பகம்; பேதோஸ் உணர்ச்சியைத் தொடுவது, லோகோஸ் தர்க்கம்.

கே: தீசிஸ் என்றால் தலைப்புதானே?

ப: இல்லை. 'பிளாஸ்டிக் மாசு' தலைப்பு. 'கடைக்காரருக்கு மட்டும் அபராதம் போட்டால் பிளாஸ்டிக் பை ஒழியாது, ஏனென்றால் கேட்டு வாங்குபவருக்கு எந்தச் செலவும் இல்லை' என்பது தீசிஸ். மறுத்துப் பேச ஒருவருக்கு இடம் இருக்க வேண்டும். 'மாசு கெடுதல்' என்றால் யார் மறுப்பார்கள்?

200 சொல் கட்டுரை என்றால் முன்னுரை 40, மூன்று பத்திக்கு 45 வீதம், முடிவுரை 25. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் தீசிஸின் ஒரு துண்டாக இருக்கட்டும். அதிகம் கெடுவது முன்னுரையில்: பழமொழியும் மேற்கோளுமாக 80 சொல் போய்விடும், கடைசிப் பத்தி பேனாவிலேயே நின்றுவிடும். பத்திகளை முதலில் எழுதி, மேலே ஆறு வரி காலியாக விட்டு, முன்னுரையைப் பிறகு நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை.