மார்ச் கடைசியில் யாருக்கு இடம்? பேஸ்பால் கேள்வி – பதில்

அமெரிக்காவின் மேஜர் லீக் அணிகள் சீசன் தொடங்கும் முன் யாரை வைத்துக்கொள்கின்றன, யாரை விடுகின்றன, யாரை வேறு அணிக்கு மாற்றுகின்றன என்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

பயிற்சி ஆட்டங்களில் .380 சராசரியில் (ஆயிரத்துக்கு 380 ஹிட்) அடித்த இளைஞரைக் கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டு, .190 அடித்தவரை வைத்துக்கொள்கிறார்கள். இது எப்படி நியாயம்?

இருவரிடமும் எத்தனை ‘ஆப்ஷன்’ மிச்சம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அணியின் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீகில் ஆடும் 26 பேரும் அடுத்துக் காத்திருப்பவர்களும்) உள்ள ஒரு வீரரை, மற்ற அணிகள் குறுக்கிடாமல் மைனர் லீகுக்கு அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு மூன்று சீசன்களுக்கு உண்டு. அதுதான் ஆப்ஷன். ஒரே சீசனில் நான்கு முறை அனுப்பினாலும் செலவாவது ஒரு ஆப்ஷன்தான். மொத்தமாக 20 நாளுக்குக் குறைவாகக் கீழே இருந்தால் அதுவும் செலவாகாது. அணிகளும் வீரர் சங்கமும் செய்த 2022 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு வீரரை ஒரு சீசனில் ஐந்து முறைதான் இப்படி அனுப்பலாம். அனுப்பிய பேட்டரை 10 நாளுக்கு முன்பும் பிட்சரை 15 நாளுக்கு முன்பும் திரும்ப அழைக்க முடியாது. மேலே ஒருவர் காயப் பட்டியலுக்குப் போனால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

மூன்று ஆப்ஷனும் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் ‘வேவர்’ வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அவரைக் கேட்டு எடுத்துக்கொள்ள மற்ற 29 அணிகளுக்கும் இரண்டு நாள் அவகாசம். கேட்கும் அணிகளில் வெற்றி விகிதம் மிகக் குறைவாக உள்ள அணிக்கே முன்னுரிமை. மார்ச் மாதத்தில் இந்த வரிசைக்குப் போன சீசனின் கணக்கை எடுத்துக்கொள்வார்கள். ஆக, .190 அடித்தவரை அனுப்பினால் அவர் கையை விட்டே போய்விடக்கூடும். .380 அடித்தவர் மைனர் லீகின் மேல்நிலையான ட்ரிப்பிள்-ஏ அணியில் பத்திரமாக இருப்பார், மே மாதத்தில் அழைத்துக்கொள்ளலாம். இருவரையும் காப்பாற்ற ஒரே வழி அதுதான் என்றால் எந்த மேலாளரும் அதைத்தான் செய்வார்.

அந்த .380-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். பயிற்சிக் காலத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஐம்பது அறுபது வாய்ப்புகள். அவற்றில் பல, ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு மைனர் லீக் பிட்சர்களுக்கு எதிராக வருபவை. அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து கூடுதல் தூரம் போகும் என்பதால் அங்கே அடிக்கும் ஹோம் ரன்களைப் புளோரிடா எண்களோடு ஒப்பிடவும் கூடாது. பேட்டரிடம் ஸ்ட்ரைக்-அவுட் குறைந்திருக்கிறதா, பிட்சரிடம் பந்தின் வேகம் போன ஆண்டைவிட ஒன்றிரண்டு மைல் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகம் பார்ப்பதும் அதைத்தான்.

மேஜர் லீகில் ஆடும் 26 பேரை எப்படிப் பிரிக்கிறார்கள்? எங்கள் அணியின் பட்டியலை முன்கூட்டியே ஊகிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. ஏறக்குறைய எல்லா அணிகளும் அந்த 13-ஐ நிரப்பிவிடுகின்றன: ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர் ஐந்து, இடையில் வந்து வீசும் ரிலீவர் எட்டு. மீதி 13-இல் டெசிக்னேட்டட் ஹிட்டரையும் (பேட் மட்டும் பிடிப்பவர்) சேர்த்து முதல் ஒன்பது பேர் போக, பெஞ்சுக்கு நான்கு இடம். அதில் ஒன்று இரண்டாவது கேட்சருக்கு. ஒன்று ஷார்ட் ஸ்டாப் உட்பட இன்ஃபீல்டில் எங்கும் நிற்கக்கூடியவருக்கு. ஒன்று சென்டர் ஃபீல்டில் ஓடக்கூடிய நான்காவது அவுட்ஃபீல்டருக்கு. கடைசி ஒன்றுதான் நிஜமான போட்டி.

ஒரு தாளில் பெயர்களை எழுதும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் பெரிய ஒப்பந்தக்காரர்கள். அடுத்து, ஆப்ஷன் தீர்ந்தவர்களில் அணி இழக்க விரும்பாதவர்கள். பிறகு, ஐந்து ஆண்டு சேவை (மேஜர் லீக் பட்டியலில் இருந்த காலம்) முடித்தவர்கள். அவர்களைச் சம்மதம் இல்லாமல் கீழே அனுப்ப முடியாது. பிறகு ரூல் 5 வீரர் (வேறு அணியின் 40 பேர் பட்டியலில் இடமில்லாமல் இருந்து எடுக்கப்பட்டவர்) இருந்தால் அவர். இவ்வளவு எழுதியதும் பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடம்தான் காலியாக இருக்கும்: புல்பென்னில், அதாவது ரிலீவர்களில், இரண்டு, பெஞ்சில் ஒன்று. ஆப்ஷன் தீர்ந்தவர்களின் பட்டியலை எம்எல்பி டிரேட் ரூமர்ஸ் தளமும், ஒவ்வொருவரின் ஆப்ஷன் எண்ணிக்கையை ஃபேன்கிராஃப்ஸ் தளமும் தருகின்றன.

புல்பென்னின் கடைசி இடத்தில்தான் பலருடைய ஊகம் தவறுகிறது. எட்டாவது ரிலீவர் என்பவர் எட்டாவது சிறந்த பிட்சர் அல்ல. ஸ்டார்ட்டர் இரண்டாம் இன்னிங்ஸிலேயே அடிவாங்கினால் வந்து மூன்று நான்கு இன்னிங்ஸ் தாங்க வேண்டியவர் அவர். 50 பந்து வீசிய பிறகு மூன்று நாளாவது அவரைப் பயன்படுத்த முடியாது. அதனால் மறுநாளே அவரைக் கீழே அனுப்பி, களைப்பில்லாத ஒருவரை மேலே கொண்டுவர வேண்டியிருக்கும். ஆப்ஷன் உள்ளவர்தான் அந்த இடத்துக்குப் பொருத்தம். எட்டு ரிலீவர்களில் ஏழு பேர் ஆப்ஷன் இல்லாதவர்களாக இருந்தால், ஏப்ரலில் ஒரு 14 இன்னிங்ஸ் ஆட்டமே அந்த அணியைத் திண்டாட வைத்துவிடும்.

‘டிஎஃப்ஏ’ (டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்) செய்தார்கள் என்றால் அந்த வீரரை நீக்கிவிட்டார்கள் என்று பொருளா?

இல்லை. 40 பேர் பட்டியலிலிருந்து அவரை உடனே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அணிக்கு ஏழு நாள் அவகாசம். அதற்குள் அவரை வேறு அணிக்கு மாற்ற வேண்டும், அல்லது வேவரில் போட வேண்டும், அல்லது விடுவிக்க வேண்டும். வேவருக்கு இரண்டு நாள் பிடிக்கும் என்பதால் ஐந்தாம் நாளுக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

யாரும் கேட்காவிட்டால் அவரை மைனர் லீகுக்கு அனுப்பலாம். ஆனால் முன்பு ஒருமுறை இப்படி அனுப்பப்பட்டவரும், மூன்று ஆண்டு சேவை முடித்தவரும் மறுத்துவிட்டு, எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்யக்கூடிய சுதந்திர வீரராகப் போகலாம். மூன்று ஆண்டு கடந்து ஐந்தை எட்டாதவர் அப்படிப் போனால் மீதிச் சம்பளத்தை இழப்பார். ஐந்து கடந்தவர் சம்பளத்தோடு போவார். நான்கு ஆண்டு அனுபவமும் நல்ல சம்பளமும் உள்ள ஒருவர் பேசாமல் ட்ரிப்பிள்-ஏ போய்ச் சேர்வதற்குக் காரணம் இதுதான்.

ரூல் 5-இல் எடுத்தவரை வைத்துக்கொள்வது இடத்தை வீணாக்குவது போலத் தெரிகிறதே?

பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. 1,00,000 டாலர் கொடுத்து எடுத்தவரைச் சீசன் முழுவதும் 26-இல் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் வேவரில் போட வேண்டும், அங்கும் யாரும் கேட்காவிட்டால் பழைய அணி 50,000 டாலர் கொடுத்துத் திரும்பப் பெறலாம். இருபத்தொரு வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு வருடத்தைக் கழித்தால் வளர்ச்சி நிற்கும், அணிக்கும் ஒரு ஆள் குறைவு. வெற்றிக்குப் போராடும் அணி ஜூன் வரை தாங்குவதே அபூர்வம்.

ஆனாலும் நடக்கிறது. ஜோஹன் சந்தானாவை ஆஸ்ட்ரோஸ் அமைப்பிலிருந்து 1999 டிசம்பரில் மார்லின்ஸ் எடுத்து, உடனே ட்வின்ஸுக்குக் கைமாற்றியது. 2000-இல் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன் 6.49. ட்வின்ஸ் தோற்றுக்கொண்டிருந்த அணி, அதனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. 2004-இலும் 2006-இலும் அவர் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். மறுபக்கம் ஹோசே பவுட்டிஸ்டா: பைரட்ஸிடமிருந்து எடுக்கப்பட்டு, 2004 என்ற ஒரே சீசனில் ஓரியோல்ஸ், டெவில் ரேஸ், ராயல்ஸ், மெட்ஸ் என்று சுற்றி, பைரட்ஸுக்கே திரும்பினார். ஆறு ஆண்டு கழித்து புளூ ஜேஸுக்காக 54 ஹோம் ரன் அடித்தவர் அவர்தான். எந்த அணி எடுக்கிறது என்பதை வைத்தே இந்த முடிவை எடை போட வேண்டும்.

திறமை நிரூபித்த இளைஞரை ஏப்ரல் நடுவில்தான் அழைக்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில் என்ன கற்றுக்கொள்வார்?

ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார். அது நாள் கணக்கு. 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஒரு ஆண்டு சேவை. ஆறு ஆண்டு சேர்ந்தால் சுதந்திர வீரர். 171 நாள் இருந்தால் அந்த ஆண்டு முழு ஆண்டாகாது, அணிக்கு இன்னொரு சீசன் லாபம்.

கிறிஸ் பிரையன்ட் விஷயத்தில் இது பச்சையாகத் தெரிந்தது. 2015 பயிற்சிக் காலத்தில் அவர் அடித்தது 9 ஹோம் ரன், சராசரி .425. கப்ஸ் அணி அவரை மைனர் லீகுக்கு அனுப்பியது. அந்தச் சீசன் ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 4 வரை 183 நாள். அவரை அழைத்தது ஏப்ரல் 17-இல். பன்னிரண்டு நாள் கழிந்தது, மிச்சம் சரியாக 171. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், அடுத்த ஆண்டின் எம்விபி (மிக மதிப்புள்ள வீரர்), இரண்டும் அவரே. அவர் தொடுத்த முறையீடு 2020 ஜனவரியில் தோற்றது. 2020 முடிவில் கிடைக்க வேண்டிய சுதந்திரம் ஒரு ஆண்டு தள்ளிப்போனது. விதிக்கு உட்பட்டதுதான் என்றாலும், ஒரு வீரரின் உழைப்பிலிருந்து ஒரு வருடத்தை இப்படி எடுத்துக்கொண்டது சரியல்ல.

2022 ஒப்பந்தம் இதற்கு இரண்டு மாற்றுகள் வைத்தது. முதல் 100 இளம் வீரர் வரிசைகளில் இடம்பெற்ற ஒருவர் முதல் சீசனிலேயே முழு ஆண்டு ஆடி, சிறந்த புதுமுகம் விருதை வென்றால் அணிக்கு டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில்) முதல் சுற்றை அடுத்து ஒரு கூடுதல் தேர்வு கிடைக்கும். ஹூலியோ ரோட்ரிகெஸை 2022 முதல் நாளிலேயே களமிறக்கிய மரினர்ஸுக்கு அப்படிக் கிடைத்தது. இரண்டாவது, அந்த விருதுக்கான வாக்கில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு எப்போது வந்திருந்தாலும் முழு ஆண்டு சேவை உண்டு. 2024 மே 11-இல் வந்த பால் ஸ்கீன்ஸ் விருதை வென்று அதைப் பெற்றார். இன்று ஒரு முன்னணி இளைஞரை நிறுத்திவைக்கும் அணி ஒரு டிராஃப்ட் தேர்வையும் சேர்த்தே பணயம் வைக்கிறது.

சீசன் தொடங்கும் நேரத்தில் பெரிய வீரரை இளம் வீரர்களுக்காக மாற்றும்போது, யாருக்கு லாபம் என்று எப்படிக் கணிப்பது?

மாற்றப்படும் நட்சத்திரம் இன்னும் எத்தனை சீசன் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார் என்பதே விலை. 2024 பிப்ரவரி 1-இல் பிரூவர்ஸ் தன் ஸ்டார்ட்டர் கோர்பின் பர்ன்ஸை ஓரியோல்ஸுக்குக் கொடுத்தது. அவருக்கு மிச்சம் ஒரே சீசன். பதிலுக்கு வந்தவை ஜோயி ஓர்ட்டிஸ், டி.எல். ஹால், டிராஃப்டின் 34-ஆவது தேர்வு. ஆறு வாரம் கழித்து மார்ச் 13-இல் வைட் சாக்ஸ் தன் ஸ்டார்ட்டர் டிலன் சீஸை பாட்ரஸுக்கு மாற்றியது. அவருக்கு இரண்டு சீசன் மிச்சம். பதிலாக ட்ரூ தோர்ப், ஹைரோ இரியார்டே, சாமுவேல் சவாலா என்ற மூன்று இளைஞர்களும் ஸ்டீவன் வில்சன் என்ற ரிலீவரும் போனார்கள். தோர்ப் அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஹுவான் சோட்டோவுக்காக யாங்கீஸிடமிருந்து வந்தவர். பாட்ரஸுக்கு தென் கொரியாவின் சியோலில் டாட்ஜர்ஸுடன் முதல் ஆட்டம் மார்ச் 20-இல், ஸ்டார்ட்டர் வரிசையில் ஓட்டை. அந்த அவசரத்திலும் பாட்ரஸ் தன் மிக உயர்ந்த இளைஞர்களைத் தரவில்லை. சீஸ் அந்த ஜூலையில் எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராமல் நோ-ஹிட்டர் வீசினார். தோர்புக்கு முழங்கை பாதித்து 2025 மார்ச்சில் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது.

இளம் பிட்சர்களை மையமாக வைத்த ஒப்பந்தங்கள் அடிக்கடி இப்படித்தான் சறுக்குகின்றன. இரண்டு பிட்சருக்குப் பதில் ஒரு ஷார்ட் ஸ்டாப் கேட்கும் அணியைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். 2024-இல் ஷார்ட் ஸ்டாப்பான ஓர்ட்டிஸ் பிரூவர்ஸின் வழக்கமான மூன்றாம் பேஸ்மேன் ஆனார், அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பர்ன்ஸ் ஓரியோல்ஸில் ஒரு சீசன் அருமையாக ஆடிவிட்டு டயமண்ட்பேக்ஸுக்குப் போனார். இரு பக்கமும் கேட்டது கிடைத்த மாற்றம் அது.

இப்படிப்பட்ட டிரேட் செய்தியின் கடைசி வரியையும் படியுங்கள். வழக்கமான டிராஃப்ட் தேர்வுகளை விற்க முடியாது. சிறிய அணிகளுக்குத் தரப்படும் ‘காம்பெட்டிட்டிவ் பேலன்ஸ்’ தேர்வுகளை மட்டும் மாற்றலாம். 2015 சீசன் தொடங்கும் தறுவாயில் பிரேவ்ஸ், கிரெய்க் கிம்பிரெலை பாட்ரஸுக்கு அனுப்பியது. கூடவே மெல்வின் அப்டனின் சுமார் 46 மில்லியன் டாலர் சம்பளச் சுமையையும் ஏற்றிவிட்டது. வந்தவர்களில் எல்லோரும் பேசியது மேட் விஸ்லர் என்ற பிட்சரைப் பற்றி. அவர் எதிர்பார்த்தபடி வரவில்லை. அதே ஒப்பந்தத்தில் கிடைத்த 41-ஆவது தேர்வில் அந்த ஜூனில் பிரேவ்ஸ் எடுத்தவர் ஆஸ்டின் ரைலி. 2022-இல் அவருக்கு 10 ஆண்டுக்கு 212 மில்லியன் டாலர் கொடுத்தார்கள்.

ஐபிஎல்-இல் வீரர் சம்மதித்தால்தான் டிரேட். இங்கே?

சம்மதம் தேவையில்லை. பத்து ஆண்டு சேவை முடித்து அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் ஆடியவர் மறுக்கலாம். ஒப்பந்தத்தில் ‘மாற்றக் கூடாது’ என்று எழுதி வாங்கியவரும் மறுக்கலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முப்பத்தைந்து வயது வீரர்கள் மைனர் லீக் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அவர்களுக்குக் கெடு ஏதாவது உண்டா?

உண்டு. ஆறு ஆண்டு சேவை முடித்து, போன சீசனை மேஜர் லீக் பட்டியலில் முடித்தவர் இப்படி வந்தால், சீசன் தொடக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு, மே 1, ஜூன் 1 ஆகிய மூன்று நாட்களில் வெளியேறக் கேட்கலாம். அணி அவரை 26-இல் சேர்க்க வேண்டும், அல்லது விட வேண்டும். இவருக்கு 40 பேர் பட்டியலிலும் இடம் வேண்டும். நீண்ட காயத்தில் இருப்பவரை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றினால் அந்த இடம் கிடைக்கும். மார்ச் மூன்றாம் வாரத்தில் உங்கள் அணி திடீரென்று ஒருவரை 60 நாள் பட்டியலுக்கு மாற்றினால், அதே நாளிலோ மறுநாளிலோ இப்படி ஒரு மூத்த வீரரின் பெயர் அறிவிப்பில் வருகிறதா என்று பாருங்கள்.