'ஓஸ்ஸி', 'ஓதான்': ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாகப் பிரெஞ்சு படித்துவருகிறேன். 'என்னிடம் உள்ள அளவுக்கு அவளிடமும் புத்தகங்கள் உள்ளன' என்பதை 'எல் ஆ ஓஸ்ஸி தெ லீவ்ர் கெ முவா' என்று எழுதினேன். ஆசிரியை 'ஓஸ்ஸி'யை அடித்து 'ஓதான்' என்று திருத்தினார். இரண்டுக்கும் ஒரே பொருள்தானே? கூடுதலைக் குறிக்கும் 'ப்ளூ' சில இடங்களில் 'ப்ளூஸ்' என ஒலிப்பதும் எனக்குப் புரியவில்லை.

வாசகி ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பிழைக்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, தமிழ்தான் என்று நினைக்கிறேன். 'அவ்வளவு பெரிய வீடு', 'அவ்வளவு தண்ணீர்' என்று பண்பின் மிகுதிக்கும் பொருளின் அளவுக்கும் நாம் ஒரே சொல்லைக் கையாள்கிறோம். எண்ணக்கூடியவற்றுக்கு மட்டும் 'அத்தனை' என்று தனிச்சொல் வைத்திருக்கிறோம். பிரெஞ்சு அந்தப் பிரிவுக்கோட்டை வேறிடத்தில் போடுகிறது. தண்ணீரானாலும் புத்தகமானாலும் அதற்கு 'ஓதான் தெ' ஒன்றே போதும். ஆனால் ஒப்பீட்டில் 'பெரிய', 'வேகமாக' போன்ற பெயரடை, வினையடைகளுக்கு முன்னால் மட்டுமே 'ஓஸ்ஸி' வரும்.

அந்தத் 'தெ' என்ற சிறு சொல்லைக் கவனியுங்கள். ஒரு கிலோ தக்காளி என்பதைப் பிரெஞ்சில் 'அன் கிலோ தெ தொமாத்' என்பார்கள். கூடுதலைக் குறிக்கும் 'ப்ளூஸ்', குறைவைக் குறிக்கும் 'முவான்', சமத்தைக் குறிக்கும் 'ஓதான்' ஆகிய மூன்றும் அந்தக் கிலோவைப் போலவே ஓர் அளவையாக நிற்கின்றன என்று எண்ணிக்கொண்டால், பெயர்ச்சொல் ஆண்பாலாயினும் பெண்பாலாயினும், ஒருமையாயினும் பன்மையாயினும் 'தெ' ஏன் மாறுவதில்லை என்பது விளங்கும். உயிரொலிக்கு முன் அதன் உயிர் கெடும், அவ்வளவுதான். இரண்டு பொருள்களையே ஒப்பிடும்போது அது இரண்டாம் முறையும் வர வேண்டும்: 'ப்ளூஸ் தெ லீவ்ர் கெ தெ ஸ்திலோ', அதாவது பேனாக்களைவிடப் புத்தகங்கள் அதிகம். நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஒலிப்பைப் பற்றிய உங்கள் கேள்வி இன்னும் முக்கியமானது. 'இனி இல்லை' என்ற எதிர்மறைக்கும் பிரெஞ்சில் 'ப்ளூஸ்' என்ற சொல்லின் அதே எழுத்துகள்தாம். எழுத்தில் 'நெ' என்ற எதிர்மறைச் சொல் உடன் வந்து ஐயத்தைத் தீர்க்கும்; பேச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே 'ஜே ப்ளூ தெ பேன்' என்றால் என்னிடம் ரொட்டி தீர்ந்துவிட்டது. 'ஜே ப்ளூஸ் தெ பேன்' என்றால் என்னிடம் ரொட்டி அதிகமாக இருக்கிறது. ஒரு மெய்யெழுத்து பொருளையே தலைகீழாக்கிவிடுவதால், அளவைச் சொல்லும்போது அந்த 'ஸ்' ஒலியைத் தயங்காமல் ஒலித்துப் பழகுங்கள்.

எண்களோடு ஒப்பிடும்போது 'விட' என்ற பொருள் தரும் 'கெ' வராது, 'தெ' மட்டுமே. இதில் எனக்கு மிகவும் பிடித்த விந்தை ஒன்று உண்டு: 'ஒன்றுக்கு மேற்பட்ட' என்ற பொருள் தரும் 'ப்ளூ தன்' ஒருமை வினையையே பெறும், 'இரண்டுக்குக் குறைவான' என்ற தொடரோ பன்மை வினையைப் பெறும். பொருளைப் பார்க்காமல், பக்கத்தில் நிற்கும் எண்ணையே வினை பின்பற்றுகிறது.