மாணவர் ஒருவரை இழந்த பள்ளி: கேள்வி பதில்

கேள்வி (அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்): பிளஸ் டூ மாணவர் ஒருவர் இரவில் தற்கொலை செய்துகொண்டதாகத் தகவல் வருகிறது. மறுநாள் விடுமுறை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. விடுமுறை விட்டால் பிள்ளைகள் வீட்டில் தனியாக வாட்ஸ்அப் வதந்திகளோடு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் குடும்பத்தாரிடம் பேசி இறப்பை உறுதி செய்யுங்கள். வெளியே எதைச் சொல்லலாம் என்று அவர்களையே கேளுங்கள். முதல் மணிக்கு அரை மணி நேரம் முன்பே ஆசிரியர்கள், அலுவலகத்தார், சத்துணவுப் பணியாளர், காவலர் எல்லோரையும் கூட்டி, நான்கைந்து வரி அறிவிப்பை எழுதியே கொடுங்கள்.

காலை வழிபாட்டில் மைக்கில் சொல்லக் கூடாது. மைதானத்தில் அத்தனை பேர் நிற்கும்போது யார் உடைந்துபோகிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்தந்த வகுப்பாசிரியர் தன் வகுப்பில் சொல்லட்டும். இறந்தவரின் வகுப்புக்கு மட்டும் இரண்டு பேர் போக வேண்டும்: ஒருவர் பேச, மற்றவர் அழுதுகொண்டு எழுந்து போகும் பிள்ளையுடன் கூடவே போக.

பலரும் கோட்டைவிடும் இடம் வருகைப் பதிவேடு. விவரம் தெரியாமல் வரும் மாற்று ஆசிரியர் அந்தப் பெயரை வாசித்துவிடுவார், வகுப்பே உறைந்துபோகும். அன்று காலையே அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் குறித்துவிடுங்கள். ‘உங்கள் பிள்ளை இன்று வரவில்லை’ என்று பெற்றோருக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும் பள்ளி என்றால், அதை உடனே நிறுத்துங்கள். இறந்த மாணவர் உட்கார்ந்த இடத்தை அன்றே மாற்றாதீர்கள். சில நாள் கழித்து, வகுப்பிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி (வகுப்பாசிரியை): “ஏன் மிஸ், எப்படி மிஸ்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்: எப்படி என்பதைப் பேசவே வேண்டாம். ஏன் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள். “மார்க் குறைந்ததால்” என்று நீங்கள் சொன்னால், அதே மார்க் வாங்கிய இன்னொரு பிள்ளை தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கும். “ஒரே காரணத்தால் இப்படி நடப்பதில்லை, நமக்கு முழுதாகத் தெரியாது. உனக்கு எப்படி இருக்கிறது, சொல்” என்பது போதும். குடும்பம் விவரம் சொல்ல வேண்டாம் என்றால் “இறந்துவிட்டார்” என்பதோடு நிறுத்துங்கள். பொய்க் காரணம் சொல்லாதீர்கள். வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். தத்தளிக்கும் பிள்ளைக்கு அது, செத்தால்தான் ஊர் நம்மைக் கவனிக்கும் என்று காட்டிவிடும்.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்): யார் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

பதில்: நெருங்கிய நண்பர்கள், அதே பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகள், கடைசியாகச் சண்டை போட்டவர், கடைசிச் செய்தியைப் பெற்றவர், முன்பு தற்கொலைக்கு முயன்றவர், அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவர். அன்று மாலைக்குள் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, பெற்றோருக்கு போன் செய்யுங்கள். பட்டியலில் அடிக்கடி விடுபடுவது சண்டை போட்ட பையன்தான். குற்றவுணர்ச்சியில் வாய் திறக்க மாட்டான்.

கேள்வி (ஆசிரியை, நடுநிலைப் பள்ளி): ஒரு மாணவி “செத்துடலாம் போல இருக்கு” என்கிறாள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டியதாகிவிடாதா?

பதில்: ஆகாது மேடம். “தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஆறுதல்தான் அடைவார்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். தனியாக விடாதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் ஒருவர் கூடப் போகட்டும். பெற்றோரை வரவழைத்து நேரில் ஒப்படையுங்கள்; வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவரால்தான் அவளுக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலிமானஸ் எண் 14416, தமிழ்நாட்டில் மருத்துவ உதவி எண் 104ம் உண்டு. ஏற்கெனவே தற்கொலைக்கு முயன்றிருந்தால் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகும் என்று பெற்றோர் தயங்கினால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவைச் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே அது கருதுகிறது, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

கேள்வி (தனியார் பள்ளி முதல்வர்): அப்படிப் பேசும்போது பாலியல் தொல்லை வெளியே வந்தால், முதலில் உள்விசாரணை நடத்தலாமா?

பதில்: கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பிள்ளை சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

கேள்வி (பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்): தேர்வு முடிவு நாளுக்கு முன்கூட்டியே என்ன செய்யலாம்?

பதில்: முடிவு பெரும்பாலும் கோடை விடுமுறையில் வருகிறது, பள்ளியில் ஆள் இருக்காது. அதனால் தேறுவாரா என்று சந்தேகமுள்ள பிள்ளைகளின் பட்டியலையும், இரண்டு போன் எண்களையும் (ஒன்று பக்கத்து வீட்டாருடையது) வகுப்பாசிரியர் முந்தின வாரமே எடுத்து வைக்கட்டும். முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையிடமே பேச வேண்டும். அறிவுரை வேண்டாம். துணைத்தேர்வுக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லி, எந்த நாளில் பள்ளிக்கு வர வேண்டும் என்றும் குறித்துக் கொடுங்கள்.