அப்பாவின் கைநடுக்கம் குறைந்தது, கையிருப்பும் கரைந்தது

கேள்வி: நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்வாசிகள். ரப்பர் தோட்டத்தில் மண்டோராக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குச் சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். சென்ற ஆண்டு பிரமிபெக்சோல் மாத்திரை சேர்த்தார்கள்; நடுக்கம் குறைந்தது. ஆனால், லாட்டரிக் கடைப்பக்கமே போகாதவர் இப்போது புதன், சனி, ஞாயிறு தவறாமல் நான்கு நம்பர் எடுக்கிறார். சேமநிதிப் பணம் போய், அம்மாவின் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போய்விட்டது. இரவில் தூங்காமல் பழைய வானொலியைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருக்கிறார். செய்வினை என்கிறார் சித்தப்பா. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், சகோதரி. பார்க்கின்சன் மருந்தைத் திடீரென விட்டால் உடல் இறுகி அசைவே முடங்கலாம்; பதற்றமும் மனச்சோர்வும் ஆளை உருக்கிவிடும்.

இது செய்வினை இல்லை. அப்பாவின் குணமும் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலும் இது மாத்திரையின் வேலை. இந்நோயில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை அதன் இடத்தில் நின்று கைகாலை இயக்குகின்றன. அதோடு நிற்பதில்லை, ஆசையை ஆளும் பகுதியையும் முடுக்கிவிடுகின்றன. நோய் அவ்வளவாகத் தாக்காத அந்தப் பகுதிக்கு இது அளவுக்கு மீறிய தூண்டுதல். 2010இல் வெளிவந்த, 3,090 நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கு இப்படி அடக்க முடியாத உந்துதல் இருந்தது. எடுக்காதவர்களில் 7 விழுக்காட்டினருக்குத்தான். வானொலியைப் பிரித்துப் பிரித்து மாட்டுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சிலருக்கு இது கணக்கில்லாமல் சாமான் வாங்குவதாகவோ, நள்ளிரவில் எழுந்து சாப்பிடுவதாகவோ வரும். சிலருக்குக் காம இச்சை கட்டுக்கடங்காமல் போகும். அம்மாவைத் தனியே உட்கார வைத்து அதையும் மெதுவாகக் கேளுங்கள். வயதான காலத்தில் இதை வெளியே சொல்வதா என்று வாய்மூடிக் கிடக்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அவர் தனியாகச் சுமக்கக் கூடாது.

அடுத்த தவணை வரை காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்கு இப்போதே தொலைபேசியில் பேசி, முன்கூட்டியே பார்க்கக் கேளுங்கள். மாத்திரை எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது, நம்பர் எடுப்பது எந்த மாதம் ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். அப்பா வெட்கத்தில் மறைக்கக்கூடும். மருத்துவரும் கேட்காமல் விடக்கூடும். மருத்துவர் இந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, லெவோடோபா என்ற இன்னொரு பார்க்கின்சன் மருந்தின் அளவைச் சரிசெய்து பார்ப்பார். பலருக்கு உந்துதல் அடங்கிவிடுகிறது. குறைக்கும் நாட்களில் அவருக்குப் படபடப்பு வந்தால் உடனே தெரிவியுங்கள்.

அதுவரை பணம் அப்பா கைக்கு எட்டக் கூடாது. பிடுங்காதீர்கள், அத்தனை பேரை வேலை வாங்கிய மனிதர் அவர். "மருந்து சரியாகும் வரை வங்கி அட்டை என்னிடம் இருக்கட்டும், அப்பா" என்று கேட்டு வாங்குங்கள். வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். வங்கிக் கடன் இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தின் அலுவலகத்தில் இலவச ஆலோசனை கிடைக்கும். அடகுச் சீட்டின் தேதியை இன்றே பாருங்கள். வழக்கமான மீட்புக் கெடு ஆறு மாதம். அது முடிவதற்குள் அம்மாவின் சங்கிலியை மீட்டுவிடுங்கள்.