பெர்த்தில் குடும்பத்துக்கு ஒரு வண்டி: சேலம் குகைத் தம்பிக்கு எழுதிய பதில்

அன்புள்ள தம்பி,

பொங்கலுக்காகச் சேலம் வந்து இறங்கிய மறுநாள், கன்னங்குறிச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு குழந்தைகள், ஏப்ரலில் சேலம் குகைப் பகுதியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு மண்பாதையில் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு ஏழு இருக்கையுள்ள, நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. டீசலா ஹைப்ரிடா, கடன் எங்கே எடுப்பது, எந்தப் பகுதியில் பள்ளி நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல அங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வண்டியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். இதே கேள்வியை 2008இல் நானும் கேட்டேன், எனக்குக் கிடைத்த பதிலால் என் குடும்பம் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது.

நான் பெர்த்துக்குப் போனது 2007 ஜூலையில். அடுத்த ஆண்டு மனைவியும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். அப்போது ஊர்க்காரர் ஒருவர், நம்ம ஆள் ஒருவர் வண்டி விற்கிறார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். நான் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். 2009 ஈஸ்டர் விடுமுறையில் இன்னொரு தமிழ்க் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, ஏழு பேராக, கூரைக் கேரியரில் கூடாரம், நாற்காலி, அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு என்று இரண்டு முழ உயரத்துக்குக் கட்டிக்கொண்டு, 800 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கும் ஷார்க் பேக்குப் புறப்பட்டோம். அங்கே ஃபிரான்சுவா பெரோன் தேசியப் பூங்காவில் பழைய பண்ணை வீடு வரைக்கும் சாதாரணக் காரும் போகும், அதற்கு அப்பால் சிவப்பு மணல்தான். அந்த மணலில் சில கிலோமீட்டர் போவதற்குள் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது.

மணலிலும் மேட்டிலும் மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியரைப் போடலாம் என்று சின்னக் கம்பியை இழுத்தேன், அது அசையவே இல்லை. விற்றவர் பல ஆண்டுகளாக அதைத் தொட்டதே இல்லை என்று பிறகு மெக்கானிக் சொன்னார். டயரில் 38 பி.எஸ்.ஐ. காற்று, தார்ச்சாலையில் ஓட்டிய அதே காற்று, அப்படியே இருந்தது. நாலு மணி நேரம் சோற்றுத் தட்டுகளால் மணலை வாரினோம். இரண்டு வயதைத் தொடாத மகள் அழுது ஓய்ந்து மனைவியின் தோளில் கிடந்தாள், தண்ணீரோ மூன்று பாட்டில்தான் மிச்சம். மாலையில் அந்த வழியாக வந்த மீனவர் ஒருவர் கயிறு எதையும் எடுக்கவில்லை. நாலு டயரிலும் காற்றை 16 வரைக்கும் இறக்கினார், கூரையிலிருந்த மூட்டைகளையெல்லாம் கீழே இறக்கச் சொன்னார், குழந்தைகளையும் பெண்களையும் ஓரமாக நிற்க வைத்தார். பத்து நிமிடத்தில் வண்டி தானாகவே மேலே ஏறி வந்தது. வண்டியில் குறை இருந்ததென்னவோ உண்மைதான், ஆனால் எங்களைப் புதைத்தது நாங்கள் ஏற்றிய எடையும் நாங்கள் இறக்காத காற்றும். திரும்பும் வழியில் பின்பக்க ஷாக் அப்சார்பர் உடைந்து, இரண்டு நாள் நெடுஞ்சாலையோர ரோட்ஹவுஸ் ஒன்றில் கிடந்தோம்.

எனக்கு இதில் பெரிய மனவருத்தம், நான் ஏற்கெனவே பார்த்துப் பழகிய பாடத்தை மறந்து போனதுதான். என் பெரியப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். பள்ளி விடுமுறையில் தோட்டத்து ஜீப்பில் நான் ஏறாத நாள் இல்லை. ஜீப் ஓட்டிய அண்ணன் மிளகு மூட்டையை ஒரு நாளும் மேலே ஏற்ற விட்டதில்லை. மூட்டைகளைத் தரையோடு, முன் இருக்கையின் முதுகோடு ஒட்டி அடுக்குவார், ஒரு மூட்டை அதிகம் என்றால் இன்னொரு நடை போவாரே தவிர ஏற்ற மாட்டார். ஈரப் பாதை தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திச் சின்னக் கியரைப் போட்டுக்கொள்வார், சிக்கிய பிறகு போட்டதில்லை. அடிவாரத்துக்கு இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும், ஏறிய கியரிலேயே, பிரேக்கைச் சூடாக்காமல் இறக்குவார். ஆஸ்திரேலியாவில் இப்போது பணம் கட்டி ஒரு நாள் வகுப்பில் சொல்லித்தருவதும் பெரும்பாலும் இதைத்தான், தம்பி.

ஆகவே பார்த்து வைத்திருக்கும் வண்டியின் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அது எவ்வளவு எடை தாங்கும் என்று முதலில் கேளுங்கள். வண்டிக்கும் அதன் மேலும் உள்ளும் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் உச்ச வரம்பு உண்டு, அதை ஜி.வி.எம். என்பார்கள், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். அதிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுடையது. நடுத்தர அளவுள்ள ஏழு இருக்கை வண்டி ஒன்றுக்கு வரம்பு 2,990 கிலோ, டேங்க் நிறைய டீசலோடு வெற்று எடை 2,325 கிலோ என்று வையுங்கள், உங்கள் பங்கு 665 கிலோ. கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றும். பெரியவர்கள் நாலு பேரும் குழந்தைகள் இரண்டு பேரும் 320 கிலோ. கங்காருவுக்குப் பயந்து முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி 60, கேரியர் 30, கூரைக் கூடாரம் 65, சாமானோடு ஃபிரிட்ஜ் 45, தண்ணீர் 60, கருவிகளும் கம்ப்ரசரும் இரண்டாவது ஸ்டெப்னியும் 60. இதற்குள் 640 ஆகிவிட்டது, இன்னும் படுக்கையும் துணியும் பாத்திரமும் ஏறவில்லை. டிரெய்லர் இழுத்தால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் வந்து உட்காரும் என்பது பொதுக் கணக்கு, 1,500 கிலோ டிரெய்லர் என்றால் அதுவே 150 கிலோ, அதையும் இந்த 665க்குள்தான் அடக்க வேண்டும். 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள், இந்தக் கணக்கை அங்கே யாரும் போட மாட்டார்கள். வரம்பை மீறி ஏற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க இடம் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஏழு இருக்கை வேண்டும் என்கிறீர்கள், அங்கேதான் நான் உங்களைக் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் சாமான் வைக்க இடம் இருக்காது, சாமானெல்லாம் கூரைக்குப் போகும். கூரைக்குத் தனி வரம்பு உண்டு, பல வண்டிகளுக்கு 80 முதல் 100 கிலோ, கரடுமுரடான பாதையில் அதைவிடக் குறைத்துச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். உயரத்தில் எடை ஏறிய வண்டி சரளைக்கல் பாதை வளைவில் எப்படிச் சாயும் என்று பார்த்தவன் நான். அடுத்தது குழந்தைகள். ஏழு வயது ஆகும் வரை அங்கே அங்கீகரித்த குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், ஆகவே உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டும், ஊரிலிருந்து கொண்டுபோன இருக்கை செல்லாது. அந்த இருக்கையை மேலே இழுத்துக் கட்டும் பட்டைக்கான கொக்கி பல ஏழு இருக்கை வண்டிகளின் மூன்றாவது வரிசையில் கிடையாது. குழந்தைகள் நடு வரிசைக்கு வந்துவிட்டால், பின்னால் குனிந்து நுழைய வேண்டியவர்கள் உங்கள் அப்பாவும் அம்மாவும்தான். சென்ற வாரம் அறுபதைத் தாண்டிய என் சின்ன மாமாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன், சாதாரண முன் இருக்கையில் ஏறி இறங்கவே அவருக்கு மூட்டு ஒத்துழைக்கவில்லை.

பெற்றோர் இருக்கும் சில வாரங்களுக்காகப் பத்து ஆண்டு ஓட்டப்போகும் வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்களுக்கு மணலும் கூடாரமும் வேண்டாம். அந்த நாட்களுக்குக் கார்னிவல் போன்ற ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள், தார்ச்சாலையிலேயே போய்க் கேரவன் பார்க் கேபினில் தங்குங்கள். நம்பங் தேசியப் பூங்காவில் பினாக்கிள்ஸ் என்னும் சுண்ணாம்புத் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே சுற்றிவரும் நாலு கிலோமீட்டர் மண்பாதையில் சாதாரணக் காரே போகும், ஆனால் வாடகை ஒப்பந்தம் மண்பாதையை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு எடுங்கள். நான் போன புதிதில் லான்சலினிலிருந்து பினாக்கிள்ஸ் பக்கத்திலுள்ள செர்வாண்டிஸுக்குக் கடலோரமாகப் போக ஃபோர் வீல் டிரைவ் தேவைப்பட்டது. 2010இல் இந்தியன் ஓஷன் டிரைவ் என்னும் தார்ச்சாலை திறந்த பிறகு என் அம்மாவை மடியில் தலையணையோடு கொண்டுபோய்க் காட்டினேன்.

உங்கள் நாலு பேருக்கு என்று கேட்டால், முதல் ஆண்டு ஃபாரஸ்டர் போன்ற ஆல் வீல் டிரைவ் கார் போதும். 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருக்கிறது, சரளைப் பாதைக்கும் பெரும்பாலான கேம்பிங் இடங்களுக்கும் அதில் போகலாம். லோ ரேஞ்ச் அதில் கிடையாது, ஆழ்ந்த மணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓராண்டு கூடாரத்தில் தூங்கிப் பார்த்து, உங்கள் மனைவிக்கும் அது பிடித்திருந்தால், பிறகு பிராடோ, எவரெஸ்ட், எம்.யு.எக்ஸ்., பஜேரோ ஸ்போர்ட் ஆகிய லோ ரேஞ்ச் உள்ள வண்டிகளில் கைக்கு அடங்கியதைப் பாருங்கள். வந்த முதல் ஆண்டிலேயே ஏழாண்டுக் கடனில் பெரிய லேண்ட் குரூசரை வாங்கிப் பொங்கல் விழாவுக்கு நிறுத்துமிடத்தில் வரிசையாக நிறுத்துகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் பெர்த்துக்குப் பக்கத்து ஊரான மாண்டுராவைத் தாண்டியதில்லை, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு வண்டி வாங்க யோசனை சொல்லுகிறவர்களும் அவர்களே. அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கிறவரின் வீட்டில் அடுத்த மாத வாடகைக்குப் பணம் இருக்கிறதா என்றுகூட விசாரிக்காமல் யோசனை சொல்வது தவறு.

பழைய வண்டிதான் என்றால் இன்னும் சில எச்சரிக்கைகள். குயின்ஸ்லாந்திலும் விக்டோரியாவிலும் வண்டி கைமாறும்போது பாதுகாப்புச் சான்று கேட்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பதிவு நடப்பில் இருக்கும் வண்டிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை, ஆகவே சோதிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். வண்டியின் 17 எழுத்து எண்ணை வைத்து பி.பி.எஸ்.ஆர். என்னும் அரசுப் பதிவேட்டில் கடன் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள், சில டாலர்தான் செலவு. லிஃப்டில் ஏற்றிச் சேஸின் உட்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், பெர்த் வண்டிகள் கடற்கரையில் ஓடியவை, மேலே பளபளக்கும், அடியில் உப்பு தின்றிருக்கும். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், சிவப்புத் தூள் இருந்தால் வண்டி வடக்கே உழைத்தது. லோ ரேஞ்சை மணலிலோ புல்லிலோ போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தார்ச்சாலையில் போட்டுப் பார்க்க வேண்டாம், தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் இணைக்கும் பகுதி நேர ஃபோர் வீல் டிரைவில் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். விற்பவர் நம்ம ஆளாக இருந்தாலும் இதில் ஒன்றையும் விடாதீர்கள், நம்ம ஆளாக இருந்தால் அவரே முன்வந்து காட்டட்டும்.

வாங்கிய பிறகு, அலங்காரப் பொருள்களுக்கு முன்னால் நல்ல காற்றுக் கேஜ், கம்ப்ரசர், மண்வெட்டி, சிக்கினால் டயருக்கு அடியில் வைக்கும் பலகை, இவை நாலும் வாங்குங்கள். மணலுக்கு முன் காற்றை 20க்கு இறக்குங்கள், போதவில்லை என்றால் 16, தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிடுங்கள். ஷார்க் பேயில் பிரிடா என்னும் பழைய உப்பு ஏரிக் குழிகள் இருக்கின்றன, மேலே களிமண் காய்ந்து உழவு ஓட்டாத வயல்போல் கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு, பாதையை விட்டு அதில் இறங்கிய வண்டியை மீட்க நாள் கணக்காகும். தண்ணீர் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 5 லிட்டர், அதற்கான எடையை முதலிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை ஏற்ற வேண்டும். பல இடங்களில் கைபேசி எடுக்காது. யு.எச்.எஃப். ரேடியோவில் 40ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள், அவர்கள் ஓட்டும், பல டிரெய்லர்களை இழுக்கும் ரோட் டிரெயின் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும், முந்துவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டு முந்துங்கள். ஆபத்தில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் பி.எல்.பி. கருவி ஒன்று மனைவியின் கைப்பையில் இருக்கட்டும். அந்தி சாய்ந்த பிறகு ஓட்டாதீர்கள், கங்காரு அப்போதுதான் சாலைக்கு வரும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள், தேடுகிறவர்களின் கண்ணுக்கு முதலில் தெரிவது வண்டிதான்.

இவற்றையெல்லாம் நாங்கள் பழகிக்கொண்டோம். அன்று மணலில் நின்று அழுத என் மனைவி இன்று டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி ஒரே முறையில் இடத்தில் நிறுத்துகிறாள். மகள் மணல் தொடங்கும் பலகையைக் கண்டதும் யாரும் சொல்லாமல் கேஜை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். 2019இல் மாநிலத்தின் வடகோடியிலுள்ள கிப் ரிவர் ரோடு என்னும் சரளைப் பாதை முழுவதையும், டெர்பி பக்கத்திலிருந்து கனனாராப் பக்கம் வரை ஏறக்குறைய 660 கிலோமீட்டர், ஒரு பஞ்சர்கூட இல்லாமல் ஓட்டி முடித்தோம். கூரையில் அன்று ஒரு பொருளும் இல்லை.

நான் பிப்ரவரி இரண்டாம் வாரம் பெர்த் திரும்புகிறேன், அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் எல்லாருடைய எடையையும், எடுத்துப்போக நினைக்கும் சாமான்களின் எடையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்த்து வைத்த வண்டியின் கதவுச் சட்டத்திலுள்ள பட்டியையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு சனிக்கிழமை காலையில் என் மெக்கானிக்கிடம் சேர்ந்தே போய், அதை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்போம்.