இலைச்சாற்றில் விதை எத்தனை மணி நேரம் ஊறலாம்?

கேள்வி: புரட்டாசிப் பட்டத்துக்கு மானாவாரியில் ஒரு ஏக்கர் உளுந்து போட்டேன். புங்க இலைச்சாற்றில் ஊறவைத்தால் நன்றாக முளைக்கும் என்றார்கள். 8 கிலோ விதையையும் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் கொழகொழவென்று ஒரு வாடை. விதைத்ததில் பாதிகூட வரவில்லை. வேறு இலை பார்க்கட்டுமா, அம்மா?
*(வாசகர், அறந்தாங்கி)*

பதில்: இலையை மாற்ற வேண்டாம், தம்பி. கெடுத்தது அந்த ராத்திரிதான். விதைப்பண்ணை ஆரம்பித்த முதல் வருடம் தட்டைப்பயற்றில் நானும் இதையே செய்து, வாங்கிய விதை அத்தனையும் போனது. அதனால் உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும்.

நெல்லை ஊறப்போடுவது போல நினைத்துப் பயறை ஊறப்போடக் கூடாது. பயறு தண்ணீரை வேகமாக இழுக்கும். தோல் விரிந்து பருப்பில் வெடிப்பு விழும். உள்ளே இருக்கும் சர்க்கரையும் புரதமும் கசிந்து வெளியே வரும். நீங்கள் பார்த்த கொழகொழப்பு அதுதான், பூஞ்சைக்கு அது விருந்து. முழுக்க மூழ்கிக் கிடக்கும் விதைக்குக் காற்றும் கிடைக்காது. மறுநாள் சுண்டல் செய்ய முளைகட்டும்போது நாம் ராத்திரி ஊறவைத்தாலும், காலையில் வடித்துத் துணியில் கட்டிவிடுகிறோம். அதை நாம் காயவைப்பதுமில்லை, மண்ணில் போடுவதுமில்லை.

விதையை அளவாக ஊறவைத்து மறுபடி காயவைப்பதைத்தான் விதை செறிவூட்டல் என்கிறோம். இதில் விதையை விழிக்க வைக்க வேண்டும், ஆனால் வேர் எட்டிப் பார்க்க விடக்கூடாது. வேர் வெளியே வராத வரை விதை மறுபடி காய்வதைத் தாங்கும். உள்ளே தொடங்கிய வேலையும் வீணாகாது. மண்ணில் ஈரம் பட்டதும் விட்ட இடத்திலிருந்து கிளம்பும். எங்கள் செம்மண் கொல்லையில் நான்காம் நாள் தலைகாட்டும் உளுந்து, இப்படிச் செய்தால் மூன்றாம் நாளே வரிசையாக நிற்கிறது. மானாவாரியில் அந்த ஒரு நாள் பெரிய விஷயம். மேல்மண் காய்ந்து இறுகுவதற்குள் முளை வெளியே வந்துவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். 60 கிராம் பச்சைப் புங்க இலையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 3 லிட்டர் ஆக்குவேன். இது 2 சதவீதச் சாறு. கிலோவுக்கு 350 மில்லி கணக்கில் 8 கிலோவுக்கு 2.8 லிட்டர் போதும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் விதையைக் கொட்டி, சாற்றை ஊற்றி, நடுவில் இரண்டு முறை கையால் புரட்டிவிடுவேன். 3 மணி நேரம் ஆனதும் மீந்ததை வடித்துவிட வேண்டும்.

அடுத்தது காயவைப்பது. நிறையப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். நிழலில் வேட்டியை விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். எடை பழையபடி 8 கிலோவுக்குத் திரும்ப வேண்டும். அதனால் ஊறவைக்கும் முன்பே எடை போட்டு வைப்பது அவசியம். தராசு இல்லையென்றால் பல்லில் வைத்துக் கடியுங்கள், டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்த விதையை நான் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆகையால் மழைக் குறி தெரிந்த பிறகுதான் ஊறவைப்பேன்.

சாறு கெட்டியாக இருந்தால் சத்து கூடும் என்று நினைக்காதீர்கள். சீமைக்கருவேல் இலைச் சாற்றையும் பயன்படுத்துகிறார்கள். அந்த இலையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் உண்டு, அளவு மீறினால் பாழ்தான். அப்புறம் ஒன்று, வெறும் தண்ணீரில் இதே அளவு, இதே நேரம் ஊறவைத்துக் காயவைத்தாலே பலனில் பெரும்பங்கு வந்துவிடும். இந்த வருடம் ஈரத்துணியில் ஐம்பது ஐம்பது விதையாக மூன்று முடிச்சு போடுங்கள்: ஊறாதது, தண்ணீரில் ஊறியது, சாற்றில் ஊறியது. உங்கள் விதைக்கு எது சரி என்று மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: சம்பா அறுவடைக்கு முன் நெல் தரிசில் உளுந்து தெளிக்கிறோம். அதற்கும் இலைச்சாறு வேண்டுமா?
*(வாசகி, ஒரத்தநாடு)*

பதில்: அவசியமில்லை. அறுவடைக்கு ஏழு, பத்து நாள் முன்பு மெழுகு பதத்தில் தெளிக்கிறீர்கள். மண்ணிலேயே ஈரம் காத்திருக்கிறது. அந்த உழைப்பை அரப்பு இலைத்தூளில் போடுங்கள். கஞ்சியோடு சேர்த்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தித் தெளிக்கலாம்.

கேள்வி: ரைசோபியத்தைச் சாற்றிலேயே கலக்கலாமா?
*(வாசகர், விராலிமலை)*

பதில்: கூடாது. ரைசோபியம் என்பது பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர். அது உயிருள்ள பொருள், விதையை மறுபடி காயவைக்கும்போது பெரும்பகுதி செத்துவிடும். சாற்றில் ஊறிக் காய்ந்த விதையில், விதைக்கிற அன்று ஆறிய அரிசிக்கஞ்சியோடு 200 கிராம் பொட்டலம் ஒன்றைப் பிசறுங்கள். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். பூஞ்சாண மருந்து போடுவதாக இருந்தால், அதற்கு 24 மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.